தடியன் எழுத்து

நம் வயதுக்காரர்களுக்கு அந்த எழுத்தை நினைவிருக்கும். பேர் தெரிந்திருக்காது, பார்த்தால் தெரியும். சர்க்கஸ் வந்தால் சுவரில் ஒட்டுவார்களே, யாராவது தவறிப்போனால் கறுப்புக் கரை போட்டுத் தெருமுனையில் ஒட்டுவார்களே, அதில் மேலே ஒரே ஒரு வரி மட்டும் ஆள் நிற்கிற மாதிரி நிற்குமே, அந்த எழுத்து. வயிறு பெருத்திருக்கும். இடுப்பு நூல் போல மெலிந்து வளையும். கோடு முடிகிற இடத்தில் எல்லாம் சின்னதாய் ஒரு பாதம் வைத்து ஊன்றி நிற்கும். என் அப்பா வேலை பார்த்த அச்சாபீஸில் அதற்குத் தடியன் என்று பேர். மற்ற சின்ன எழுத்துகள் எல்லாம் பொடி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. தாளில் என்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிறவியிலேயே கண்ணில் குறை. கையில் பிடித்த புத்தகத்தின் எழுத்து தெரியாது. சாம்பல் நிறத்தில் வரி வரியாய் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். இது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் புத்தகம் அப்படித்தான் இருக்கும், மற்றப் பிள்ளைகள் கெட்டிக்காரிகள், அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து எழுத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சர் பலகையில் பெரிதாய் எழுதினால் தெரியும். பாடத்தை மற்றவர்கள் வாசிக்கக் கேட்டு மனசில் வாங்கிக்கொள்வேன். அப்படியே ஐந்து வரைக்கும் வந்துவிட்டேன்.

நான் சொல்லப்போவது அந்த ஐந்தாம் வகுப்பின் கடைசி நாலு மாதம். ஆறாம் வகுப்புக்கு வைகை ஆற்றுக்குத் தெற்கே இருந்த மிஷன் பெண்கள் பள்ளியில் சேர வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் தேறினால் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாம், டீச்சர் டிரெயினிங் வரைக்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு அது ஒன்றுதான் கனவு. பரவை ஊருக்கு மேற்கே, மழையை நம்பி மானம் பார்த்த நிலத்தை விட்டுவிட்டு வந்தவர். "நம்ம வம்சத்துல ஒருத்தியாச்சும் கையில சாக்பீஸ் பிடிக்கணும் தாயி" என்பார்.

எங்கள் வீடு செல்லூரில், தறிகள் நெருங்கிய சந்தில். அம்மா பகலெல்லாம் தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் தனி. கூடப் பிறந்தவர்கள் இல்லை. தெருவில் பிள்ளைகள் கல் தட்டி விளையாடும்போது காலடியில் கல் எந்தப் பக்கம் போனது என்று எனக்குச் சட்டென்று பிடிபடாது, சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

சுவரில்தான் தடியன் இருந்தான். அச்சு சரியாக விழாத தாள்களை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். மை அப்பினது, கோணலாய் விழுந்தது, ஒரு ஓரம் வெளுத்துப்போனது. மண் உதிராமல் இருக்க அம்மா அவற்றைக் கஞ்சிப் பசை போட்டுச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். 'மாபெரும் மாட்டுச் சந்தை'க்குப் பக்கத்தில் 'காலமானார்'. அதற்குக் கீழே 'நற்செய்திக் கூட்டம்'. அடுப்படிப் பக்கம் தலைகீழாய் 'அனைவரும் வருக'. எந்தப் புத்தகத்திலும் தெரியாதது எனக்கு அங்கே தெரிந்தது. தடியனைத்தான் நான் முதலில் வாசித்தேன். 'இ' என்றால் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார வருகிற பெரிய உடம்புக்காரி. 'ஞ' எப்போதும் எதையோ மடியில் மறைத்து வைத்திருப்பாள். சத்தம் போட்டு அவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அந்த வீட்டில் பகலில் நான் பேசினது அவர்களோடு மட்டும்தான்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். தரைப்பாலம் தாண்டி, ஆரப்பாளையம் போகிற வழியில் ஒரு சந்துக்குள் அச்சாபீஸ். மண்ணெண்ணெய் வாடையும் மை வாடையும் சந்து முனையிலேயே வந்துவிடும். அப்பா ஒற்றைக் காலால் மிஷினை மிதித்துக்கொண்டு தாளை வைப்பார், எடுப்பார், வைப்பார், எடுப்பார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். கை நின்றால் தாள் கெட்டுவிடும்.

எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் வயசானவர். நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். குண்டுக் கண்ணாடி போட்டிருப்பார், அதன் ஒரு காலுக்கு நூல் கட்டியிருக்கும். பொடி எழுத்து ஈயம். தடியன் மரம். கட்டையில் செதுக்கி மெருகேற்றினது. கையில் எடுத்தால் கனமே இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது 'கா', இது 'ர்' என்று சொல்வேன். பாதத்தின் முனை விரலில் கீறும். அந்தக் 'கா'வின் ஒரு பாதம் உடைந்திருந்தது. 'காலமானார்' என்றாலும் 'காது குத்து' என்றாலும் அதே உடைந்த பாதம்தான் வரும். ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தடியனில் எழுத்து குறைவு. 'ழ' ஒன்றே ஒன்று. வருகிறவர்களிடம் பெரியப்பா அதற்கேற்றபடி பேசி மாற்றுவார். ஒருமுறை மிக்சர் கடைக்காரர் 'பழைய புகழ் பெற்ற கடை' என்று மேலே பெரிசாகப் போடச் சொன்னார்.

"ஒரு ழ தான் இருக்கு அண்ணே. பழையங்கிறத எடுத்துருவோம், புகழ் இருக்கட்டும்."

"எங்கப்பா காலத்துக் கடைய்யா. பழைய வேணும்."

"பழைய மிக்சர்னு போட்டா ஊசிப்போனதுன்னுல்ல நினைப்பாய்ங்க."

கடைக்காரர் யோசித்தார். "அப்பச் சரி, எடுத்துரு."

அவர் போனபிறகு பெரியப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "தடியன் ஒரு வரிக்குத்தான் தாயி. அவன் கையத் தட்டிக் கூப்பிடுவான், அம்புட்டுத்தான். வந்தவனுக்கு விவரம் சொல்றது பூராம் பொடிதான்."

அந்த விவரம் எதுவும் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. எந்த நோட்டீஸிலும் யார் செத்தார், என்றைக்குச் சந்தை என்று நான் கண்டதில்லை. 'காலமானார்' என்பது மட்டும்தான் தெரியும்.

மாசி மாதம் என்று நினைக்கிறேன், அப்பா என் வகுப்பில் எல்லாருக்கும் புத்தகத்துக்கு அட்டை போடத் தாள் கொடுத்துவிட்டார். டீச்சருக்குச் சந்தோஷம். முப்பது புத்தகமும் தடியன் சட்டை போட்டுக்கொண்டன. அதில்தான் வினை வந்தது.

வாசிப்பு வகுப்பில் டீச்சர் எங்களை எதிர் எதிராக இரண்டு வரிசையாய்த் தரையில் உட்கார வைப்பார். அன்றைக்கு என்னை எழுப்பித் தேனீப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, காதில் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னேன். முதல் பத்தி தண்ணீர் மாதிரிப் போனது. இரண்டாம் பத்தியில் மறந்துபோனது. எனக்கு எதிரே, என் வகுப்பிலேயே படித்த பக்கத்து வீட்டுக்காரி புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவள் அட்டைதான் கண்ணில் பட்டது. வாய் தானாகப் போய்விட்டது.

"தேனீக்கள் பூவுக்குப் பூ சென்று தேனைச் சேகரித்து, மாபெரும் மாட்டுச் சந்தை."

வகுப்பே உருண்டு சிரித்தது. டீச்சருக்கும் முதலில் சிரிப்பு வந்தது. "எந்தத் தேனீம்மா மாட்டுச் சந்தைக்குப் போச்சு?" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "சரி, மேல வாசி." நின்றேன். "வாசிம்மா." நின்றேன். அவர் முகம் மாறினது எனக்குத் தெரிந்தது. முகம் எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வராந்தாவில் வைத்துத்தான் பேசினார், எனக்கும் கேட்டது.

"வாசிக்கத் தெரியாத பிள்ளைன்னா நான் சொல்லிக் குடுப்பேன். இவளுக்குத் தெரியுது. அம்புட்டு தூரத்துல இருக்க அட்டைய ஒரு எழுத்துப் பிசகாம வாசிக்கிறா. பாடத்தை வாசின்னா ஊமை மாதிரி நிக்கிறா. என்னை வகுப்பு முன்னாடி கேலி பண்ணுறா. இப்படிப்பட்ட பிள்ளைய நான் எப்படிப் பரீட்சைக்கு அனுப்புவேன்?"

"அப்படியாப்பட்ட பிள்ளை இல்லீங்க டீச்சர்."

"நீங்களே சோதிச்சுப் பாருங்க."

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர். தூரத்தில் இருக்கிறது தெரிகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது என்று அவருக்குத் தோன்றவில்லை. கண் என்றால் ஒன்று குருடு, இல்லாவிட்டால் பார்வை, எல்லாருக்கும் அவ்வளவுதான் தெரியும். நடுவில் ஒன்று இருப்பது அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யாருக்குத் தெரியும்?

அப்பா என்னை நேரே அச்சாபீஸுக்குக் கூட்டிப்போனார். முதலாளி, பெரியப்பா, பைண்டிங் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். சுவரில் மாட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்ன?" என்றார். சொன்னேன். "இது?" சொன்னேன். மிஷினில் தலைமாறிக் கிடந்த கட்டை எழுத்தைக் காட்டினார். அதையும் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தடியனை வாசிப்பதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

"பிள்ளை தங்கமா வாசிக்குதேப்பா" என்றார் முதலாளி.

அப்பா என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தார். "இத வாசி தாயி."

சாம்பல் வரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாசி."

மிஷின் நின்றிருந்ததால் அந்த இடமே அமைதியாய் இருந்தது.

"ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குற? என்ன வேணும் உனக்கு? சொல்லு, அப்பன்ட்ட சொல்லு."

அவர் அடிக்கவில்லை. கெஞ்சினார். அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது. என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

"தடியன்ல போட்டா வாசிப்பேன்ப்பா."

முதலாளிதான் முதலில் சிரித்தார். "ராணியம்மாவுக்குத் தனியா புஸ்தகம் அடிக்கணுமாம்ல!" பைண்டிங் ஆள் ஒருவர், "ஒரு பாடத்துக்கு ஒரு வண்டி தாள் ஆகும் அண்ணே" என்றார். பெரியப்பாவும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி என் பையில் வைத்தார். "தெரியாம இருந்தா பரவால்ல. தெரிஞ்சுக்கிட்டே மாட்டேங்குற" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

இப்போது என் பேத்தி போனில் இரண்டு விரலை வைத்து விரித்தால் எந்த எழுத்தும் தடியனாகிவிடுகிறது. அவள் அதை யோசித்துச் செய்வதுகூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை சோறு கொண்டுபோனபோது இன்னொன்று நடந்தது. பெரியப்பா முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். அவர் கண்ணாடி கல் மேசையில், அன்றைக்கு அச்சடித்துப் பார்த்த ஒரு தாளின் மேல் கிடந்தது. ஏதோ கூட்டுறவுச் சங்கத்து விதிமுறைப் புத்தகம், முழுக்கப் பொடி. ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. நூல் கட்டின காலைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

சாம்பல் பிரிந்தது. அதற்குள்ளிருந்து எழுத்து எழுந்து நின்றது. எறும்பு அளவு 'உ', எறும்பு அளவு 'று'. 'உறுப்பினர் எனப்படுபவர்' என்று வாசித்தேன். அடுத்த வரியையும் வாசித்தேன். நாலு வரி வாசித்தேன். பொடிக்கும் பாதம் இருந்தது. ஒவ்வொன்றும் தம்மாத்துண்டு பாதத்தை ஊன்றிக்கொண்டு நின்றது. அது தடியனுக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பின்னாலிருந்து ஈரக்கை வந்து கண்ணாடியை உருவிக்கொண்டது.

"ஏ தாயி, கிழவன் கண்ணாடிய சின்னப்புள்ள போட்டா கண்ணு அவிஞ்சு போகும். விளையாட வேற சாமானே கிடைக்கலையா?"

அப்பா மிஷினை மிதித்தபடியே, "என்னண்ணே?" என்றார்.

"ஒண்ணுமில்ல, வெளாடுது."

எட்டு அடி வைத்தால் அப்பா நிற்கிற இடம். போய்ச் சொல்லியிருக்கலாம். 'அப்பா, அதைப் போட்டால் எனக்கு எழுத்து தெரியுது.' வாக்கியம் வாய்க்குள் தயாராய் இருந்தது. ஆனால் அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால்தான் போன வாரம் சிரித்தார்கள். இப்போது கண்ணாடி கேட்டால் இன்னும் எம்புட்டுச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் 'உறுப்பினர் எனப்படுபவர்' என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அப்பா டீச்சரிடம் மறுபடி போய்க் கெஞ்சி, என் பேரைப் பரீட்சைக்குக் கொடுக்க வைத்தார். சித்திரை வெயில். மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் பெஞ்சு பெஞ்சாய்ப் பிள்ளைகள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். கேள்வித்தாள் கொடுத்தார்கள். பாதித் தாள் அளவுதான், பொடியிலும் பொடி. தூரத் தள்ளிப் பிடித்தேன், பக்கத்தில் வைத்தேன், ஒரு கண்ணை மூடினேன். எல்லாப் பிள்ளைகளின் பேனாவும் கீறுகிற சத்தம் கேட்டது. என் பேரையும் அப்பா பேரையும் எழுதினேன். பெரிதாக, பாதம் எல்லாம் வைத்து எழுதினேன். மணி அடிக்கிறவரைக்கும் அந்தப் பாதங்களுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே அப்பா வேப்பமரத்தடியில் நின்றார். அரை நாள் லீவு போட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் மை. கையில் எனக்காக ஒரு கோலி சோடா.

"நல்லா எழுதுனியா?"

தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட கேட்டில் தேறினவர்கள் லிஸ்ட் ஒட்டினார்கள். அப்பா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார். பக்கத்து வீட்டுக்காரி பேர் இருந்தது. திரும்பி வரும்போது தரைப்பாலத்தில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். எப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்.

அம்மா சொன்னாள், "விடுங்க. படிச்சுக் கலெக்டராவா ஆகப்போறா."

 அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்குத் தாள் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அடுத்த மழையில் சுவரில் இருந்தது உப்பி உரிந்தது. அம்மா சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு அடித்தாள். நான் அவளோடு நூல் சுற்றப் போனேன். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். பக்கத்து வீட்டுக்காரி காலையில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு எங்கள் சந்து வழியாகப் பள்ளிக்கூடம் போவாள். முதல் வருஷம், "வாரேன்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள். பிறகு சொல்லவில்லை. அவள் மேல் குற்றமில்லை, பேச எங்களுக்குள் என்ன இருந்தது?

பரவைப் பக்கம்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பிறந்து, அவர்கள் பெரிய வகுப்புகளுக்குப் போய்விட்ட காலத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் சிகிச்சை முகாம் போட்டார்கள். மாமியாருக்குத் துணைக்குப் போனேன். ஓர் இளவயது டாக்டரம்மா, வந்ததுக்கு நீங்களும் உட்காருங்கள் என்று என் கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது பிறந்ததிலேருந்து இருக்கும்மா. சின்ன வயசுலயே ஒரு கண்ணாடி போட்டிருந்தா முழுசாச் சரியாயிருக்கும். உங்க வீட்டுல யாரும் பார்க்கலையா?"

"எங்களுக்குத் தெரியாதும்மா" என்றேன்.

கண்ணாடி வந்தது. பிள்ளைகள் தூங்கப்போனபின் அவர்கள் புத்தகங்களை ஒன்றாம் வகுப்பிலிருந்து எடுத்து வாசித்தேன். தேனீப் பாடம் அப்போது புத்தகத்தில் இல்லை.

அந்த வருஷம்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். அம்மா முன்னமே போய்விட்டாள். செல்லூருக்கு நான் போனபோது அவருக்கு வயிறு வீங்கி, கால் மெலிந்திருந்தது. பார்வையும் மங்கிவிட்டது. பக்கத்தில் அன்றைய பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. யாராவது வந்தால் வாசித்துக் காட்டச் சொல்வாராம். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஓரத்தில் இருக்கிற சின்னச் சேதி எல்லாம். நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இம்புட்டு நல்லா வாசிக்கிற" என்றார். "அன்னைக்கு மட்டும் வாயத் தொறந்திருந்தா இந்நேரம் டீச்சரா இருந்திருப்ப. பிடிவாதம். உங்காத்தா பிடிவாதம் அப்படியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.  அவர் கையை நீட்டி என் முகத்தைத் தொட்டார். விரல் கண்ணாடியில் பட்டு நின்றது.

"இது எப்பப் போட்ட?"

"போன மாசம்ப்பா."

"எதுக்கு?"

அன்றைக்கு அச்சாபீஸில் வாய்க்குள் நின்ற வாக்கியம் அப்படியே இருந்தது. இப்போது சிரிக்க யாரும் இல்லை. அவர் விரல் இன்னும் கண்ணாடி விளிம்பில்தான் இருந்தது. 

"வயசாகுதுல்லப்பா" என்றேன். "நாப்பது வரப்போகுது."

"ஆமா" என்றார். கையை எடுத்துக்கொண்டார். "நாப்பதுல எல்லாருக்கும் வாரதுதான்." முகம் தெளிந்துவிட்டது. "வைகை அணையில தண்ணி எம்புட்டுன்னு போட்டிருப்பான், பாரு."

அது கடைசிப் பக்கத்தில், அடியில், மிகச் சின்ன எழுத்தில் இருந்தது. தேடி எடுத்து வாசித்தேன்.

"பத்தாது" என்று சொல்லிவிட்டு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.